பயமும் விசுவாசமும்: வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடக்கிறது. பதினைந்து இருபது பேர் வருவார்கள். ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் மனதில் இருக்கும் கேள்விகள் வெளியே வரும். சில கேள்விகள் அதற்கும் பிறகு, வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில், "டீச்சர், ஒண்ணு கேக்கணும்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும். அவற்றில் பாதிக்கு மேல் பயத்தைப் பற்றியவை.

பல வருஷமாக ஒரே கேள்விகளை வேறு வேறு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன். வசனங்கள் எங்கள் சபையில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. எலத்தகிரி பக்கமிருந்து வரும் கத்தோலிக்கச் சகோதரிகள் வைத்திருக்கும் திருவிவிலியத்தில் "பயப்படாதே" என்பது "அஞ்சாதே" என்று இருக்கும். அதிகாரமும் வசனமும் ஒன்றுதான்.

விசுவாசி பயப்படலாமா டீச்சர்? பயந்தாலே விசுவாசம் இல்லைன்னு அர்த்தம்னு ஒரு கூட்டத்துல சொன்னாங்க.

பயப்படலாம். சங்கீதம் 56:3ஐ எடுத்துப் பாருங்கள்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போன மறுநாள் நம்புவேன் என்று தாவீது சொல்லவில்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. அந்தச் சங்கீதத்தின் தலைப்பையும் படியுங்கள். பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊரில் பிடித்தபோது பாடினது என்று இருக்கும். காத், கோலியாத்தின் சொந்த ஊர். ராட்சதனைக் கல்லால் அடித்து விழுத்தினவன், அதே ராட்சதன் ஊரில் மாட்டிக்கொண்டு நடுங்குகிறான். ஒருகாலத்தில் தைரியமாக இருந்தோமே, இப்போது ஏன் இப்படி என்று அழுகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

அதைவிடப் பெரிய சாட்சி, இயேசு பிடிபட்ட ராத்திரி ஜெபித்த கெத்செமனே தோட்டம். இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு 14:33 எழுதுகிறது. பயம் வருவதே பாவம் என்றால் இந்த வசனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த ராத்திரி அவர் மூன்று சீஷரைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். தகப்பனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். அப்புறம் எழுந்து, போகவேண்டிய இடத்துக்குப் போனார்.

பைபிள்ல "பயப்படாதே"ன்னு 365 தடவை இருக்காமே, நாளைக்கு ஒண்ணுன்னு?

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் எண்ணிப் பார்த்தால் 365 வருவதில்லை. மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு எண்ணிக்கை மாறும். "பயப்படாதே" என்றே வரும் இடங்கள் அதைவிட மிகவும் குறைவு. பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பெரியவர்களான பிறகு எண்ணிப் பார்ப்பார்கள். மற்றதெல்லாமும் இப்படித்தானோ என்று நினைப்பார்கள்.

எத்தனை தடவை என்பதைவிட, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஈசாக்கிடம்: பயப்படாதே, நான் உன்னோடேகூட இருக்கிறேன். யோசுவாவிடம்: திகையாதே, நீ போகும் இடமெல்லாம் உன் தேவன் உன்னோடே இருக்கிறார். எரேமியாவிடமும் அப்படியே. ஏசாயா 41:10: "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்." ஒன்றும் ஆகாது என்ற வாக்கு இந்த இடங்களில் இல்லை. கூட இருக்கிறேன் என்ற வாக்கு இருக்கிறது. இருட்டில் கொல்லைப்பக்கம் போகப் பயப்படும் பிள்ளையிடம் இருட்டே இல்லை என்றா சொல்கிறோம்? "வா, நான் வர்றேன்" என்கிறோம். கீழே வருகிற பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான், மறந்துவிடாதீர்கள்.

ஒரு பக்கம் "கர்த்தருக்குப் பயப்படு"ன்னு இருக்கு, இன்னொரு பக்கம் "பயப்படாதே"ன்னு இருக்கு. எதைக் கேக்கறது?

இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன, யாத்திராகமம் 20:20. சீனாய் மலையில் இடி முழங்கி ஜனங்கள் பின்வாங்கி நிற்கும்போது மோசே அவர்களைப் பயப்படாதிருங்கள் என்கிறார். அதே மூச்சில், நீங்கள் பாவம் செய்யாதபடிக்குத் தேவனைப் பற்றும் பயம் உங்கள் முன் இருக்கவேண்டும் என்கிறார். முதலாவது ஓடவைக்கிற பயம். இரண்டாவது கிட்டே நிறுத்தி, தப்பு செய்யவிடாமல் தடுக்கிற பயம். நம் பாஷையில் இதற்குப் "பயபக்தி" என்று ஒரு சொல் தயாராகவே இருக்கிறது.

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வருது. நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை வேர்க்குது. அந்த நேரத்துல என்ன ஜெபம் பண்றது?

நீளமான ஜெபம் வேண்டாம். பேதுரு தண்ணீரில் அமிழ்ந்துபோகும்போது சொன்னது "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்பது மட்டும். அதற்கே இயேசு உடனே கையை நீட்டிப் பிடித்தார். எழுந்து உட்காருங்கள், விளக்கைப் போடுங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். விடும்போது ஒரு சின்ன வசனம் போதும். திடீரென்று எழும் இந்தப் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கும். அது இறங்கும் என்று தெரிந்திருப்பதே பாதி பலம். போனை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

படபடப்பு அடங்கினதும் ஒரு காகிதத்தில் பயத்தின் பெயரை எழுதுங்கள். பிலிப்பியர் 4:6 நம் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் "தெரியப்படுத்துங்கள்" என்கிறது. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு தங்கை முதல் வரியில் "பயமாக இருக்கிறது" என்று எழுதினாள். அடுத்த வரியில் "என்னமோ ஆகப்போகிறது". நாலாவது வரிக்கு வந்தபோது அது ஜூன் மாதம் கட்டவேண்டிய ஸ்கூல் பீஸ் என்று தெரிந்தது. பெயர் இல்லாத பயத்துக்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பீஸுக்காக ஜெபிக்க முடிந்தது, மறுநாள் ஆபீஸில் போய் இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்கவும் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. இது முதல் தடவை என்றால், அல்லது நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், பயம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். போகிற வழியில் ஜெபிக்கலாம்.

நானும் ஜெபம் பண்றேன், உபவாசமும் இருக்கேன். பயம் போகவே இல்லை. என்கிட்ட என்ன குறை?

எலியா தீர்க்கதரிசியின் கதையை முழுசாகப் படியுங்கள், 1 இராஜாக்கள் 18, 19. ஒரு அதிகாரத்தில் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கினவர், அடுத்த அதிகாரத்தில் யேசபேல் ராணி சொல்லியனுப்பின ஒரு மிரட்டலுக்கு வனாந்தரத்துக்கு ஓடுகிறார். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவன் அவரைத் திட்டவில்லை. "உன் விசுவாசம் எங்கே" என்று அங்கே கேட்கவும் இல்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். திரும்பத் தூங்கவிட்டு, இன்னொரு தடவை எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பிரயாணம் வெகுதூரம் என்றான். அறிவுரை எல்லாம் நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான்.

அதனால் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது: சாப்பிட்டீர்களா? எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? ஏற்கெனவே உடம்பு நொந்து போனவர்கள் மேலும் மேலும் உபவாசம் இருப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. போன மார்ச்சில் ஒரு அக்கா மூன்று நாள் பட்டினியோடு கண்கள் குழிவிழுந்து வந்தார். அன்றைக்கு வேதம் திறக்கவில்லை. சூடாக ஒரு களி உருண்டையும் கீரைக் குழம்பும் வைத்தேன். பாதி சாப்பிட்டு, சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். எழுந்தபோது முகமே வேறாக இருந்தது.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டறார். கடவுளை நம்பினா விபத்து நடக்காதுதானே?

என் வீட்டுக்காரரும் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டினவர். ஓசூரில் லோடு ஏற்றிக்கொண்டு சேலம் தாண்டித் தெற்கே போவார். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் தொப்பூர் கணவாய் இறக்கம் உங்களுக்கே தெரியும். இரட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி முன்னால் போன கார்கள்மேல் ஏறின செய்தியை எத்தனை தடவை படித்திருப்போம்! அவர் அந்தப் பக்கம் போகிற ராத்திரியெல்லாம் அரை மணிக்கு ஒரு தரம் போன் போடுவேன். ஒருநாள் அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "நீ கூப்பிடறப்ப எல்லாம் நான் ஒரு கையிலதான் ஸ்டியரிங் பிடிச்சிருக்கேன்." என் பயமே அவருக்கு ஆபத்தாக இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கணவாய் இறங்கி, டீக்கடையில் வண்டியை ஓரம் கட்டினதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அதுவரை நான் கூப்பிடமாட்டேன். போன் மடியில் கிடக்கும், கை அதை எடுக்கப் போகும். அப்போது சங்கீதம் 121ஐச் சொல்லுவேன். மிஸ்டு கால் வர நாற்பது நிமிஷம் ஆகும் ராத்திரியில் அதை ஏழெட்டுத் தடவை சொல்லியிருக்கிறேன். விசுவாசம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், அந்த நாற்பது நிமிஷம் போனைத் தொடாமல் இருந்ததைத்தான் சொல்லுவேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நம்பினால் விபத்து நடக்காது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லமாட்டேன். ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் போடும் பட்டியலில் உபத்திரவம், பசி, நாசமோசம், பட்டயம் எல்லாம் இருக்கின்றன. இவை வராது என்று அவர் எழுதவில்லை. இவற்றில் எதுவும் கிறிஸ்துவின் அன்பை விட்டு நம்மைப் பிரிக்காது என்று எழுதினார்.

வண்டி முன்னாடி 91ஆம் சங்கீதம் ஒட்டியிருக்கோம். தலையணைக்கு அடியில பைபிள் வெச்சுக்கறோம். அது காப்பாத்தாதா?

ஒட்டுங்கள். கண்ணில் படும்போது ஜெபம் வருமென்றால் நல்லதுதான். ஆனால் ஸ்டிக்கரே காப்பாற்றும் என்று நினைத்தால் அது தாயத்து ஆகிவிடும். இந்த 91ஆம் சங்கீதத்தைத்தான் பிசாசு இயேசுவை தேவாலயத்து உச்சியில் நிறுத்தி எடுத்துச் சொன்னான்: கீழே குதியும், தூதர்கள் உம்மைத் தாங்குவார்கள் என்று. இயேசு குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றார்.

என் வீட்டுக்காரர் புதுப் பையன்களுக்கு இதை இப்படிச் சொல்லுவார். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவார்கள். அப்போது லோடு முழுவதும் பிரேக் மேல் விழும், பிரேக் சூடேறிச் செத்துப்போகும். கீழ் கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். "சங்கீதத்தை ஒட்டிக்கிட்டு நியூட்ரல்ல இறங்கறது, கோபுரத்திலேர்ந்து குதிக்கற மாதிரிதான்டா தம்பி. ஜெபம் பண்ணு, செகண்ட் கியர் போடு."

நாங்க தளி பக்கம். ராகி கதிர் முத்தற நேரத்துல யானை வருது. பரண் மேல காவல் இருக்கோம். கடவுளை நம்பறவங்க ராத்திரி முழுக்க முழிச்சிருக்கணுமா?

இருக்கணும். நெகேமியா 4:9 இந்தக் கேள்விக்காகவே எழுதினது போல இருக்கிறது. எருசலேம் மதிலைக் கட்டும்போது எதிரிகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் ஜாமக்காவலும் வைத்தார்கள். ஜெபித்தோம், ஆகவே தூங்கினோம் என்று இல்லை.

தேன்கனிக்கோட்டை, சானமாவு பக்கத்து ஆட்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. யானை நிற்கிறது என்று வனத்துறை ஆட்கள் சொன்னால், "எனக்குப் பயமில்லை" என்று டார்ச்சோடு தனியாகப் போகாதீர்கள். அந்த நேரத்தில் வருகிற பயம் தேவன் வைத்த பயம். ஒரு வருஷத்து ராகி போனால் அழலாம், மறுபடி விதைக்கலாம். ஆள் போனால் என்ன செய்வது?

எனக்கு யாரோ செய்வினை வெச்சுட்டாங்க டீச்சர். சபைக்கு வந்தும் அந்தப் பயம் விடலை.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஏவல், பில்லி என்று கேட்டு வளர்ந்த மனதுக்கு அந்தப் பயம் நிஜம். எண்ணாகமம் 22 முதல் 24 வரை ஒரே மூச்சில் படியுங்கள். இஸ்ரவேலைச் சபிக்க பாலாக் ராஜா கூலி கொடுத்து பிலேயாமைக் கூப்பிடுகிறான். மலைக்கு மலை மாறிப் பலிபீடம் கட்டியும் வாயில் சாபம் வரவில்லை, ஆசீர்வாதம்தான் வந்தது. "யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை" என்று கூலிக்கு வந்தவனே சொன்னான். யாக்கோபு என்பது இஸ்ரவேலுக்கு இன்னொரு பெயர். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கீழே கூடாரத்தில் இருந்த ஜனங்களுக்கு இப்படி ஒன்று நடப்பதே அப்போது தெரியாது என்பதுதான். அவர்கள் பாட்டுக்குச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காவல் அப்படி இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவருக்கு முதுகும் கழுத்தும் இறுகிப்போய், குனியவே முடியாது. வைத்துவிட்டார்கள் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்தார்கள். கடைசியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், வருஷக்கணக்காகக் குடித்த போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு எலும்பில் சேர்ந்துவிட்டது என்றார். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் இந்தப் பிரச்சினை இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல். செய்வினை வைத்ததாக அந்த அம்மா சந்தேகப்பட்டது சொந்த நாத்தனாரை. ஏழு வருஷம் பேச்சு இல்லை. உடம்பு வலியைவிட அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடறேன். அது விசுவாசக் குறைவா?

இல்லை. எசேக்கியா ராஜா சாகிற வியாதியில் அழுது ஜெபித்தார், தேவன் இன்னும் 15 வருஷம் ஆயுசு தருவேன் என்றார். அப்படி வாக்குக் கிடைத்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் பற்றுப்போடச் சொன்னார். ஜெபமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன. பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர்.

ஒரு ஊழியர் சொன்னார் என்று மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தின ஒரு சகோதரி ஒன்பது நாள் தூங்காமல் தவித்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தைராய்டு கூடினாலும், ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும், அதையும் பார்த்துவிடுவார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசு எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு நிமிஷம் வந்தாலும் உடனே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். அப்புறம் என் கதவையும் தட்டுங்கள், நடுராத்திரி என்றாலும்.

குழுக் கடன் கட்ட முடியலை. வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டாலே வயித்தைக் கலக்குது.

2 இராஜாக்கள் 4இல் இதே நிலைமையில் ஒரு விதவை வருகிறாள். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். எலிசா தீர்க்கதரிசி அவளிடம் கேட்டது: உன் வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அற்புதம் அந்த எண்ணெயில்தான் நடந்தது: அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கின பாத்திரங்களெல்லாம் நிறையும் வரை அது பெருகியது, அதை விற்றுக் கடனை அடைத்தாள். அவள் கடனை ஒளித்து வைத்திருந்தால் யார் பாத்திரம் கொடுத்திருப்பார்கள்?

ஆகவே முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடமாவது காட்டுங்கள். இன்னொன்று: சிறுகடன் நிறுவனங்களின் ஆட்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக்கூடாது, மிரட்டவோ கெட்ட வார்த்தை பேசவோ கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் சொல்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு வாசலில் நிமிர்ந்து நின்று பேசின பெண்களைப் பார்த்திருக்கிறேன். கடனைக் கட்டத்தான் வேண்டும். அடிமையாக வேண்டியதில்லை.

பையன் சொன்ன பேச்சு கேக்கலைன்னா "ஏசப்பா தண்டிப்பார்"னு சொல்லுவேன். அது தப்பா?

தப்பு, அம்மா. நாளைக்கு அவன் பயந்து நடுங்கும்போது யாரிடம் ஓடவேண்டுமோ, அவரையே பூச்சாண்டி ஆக்குகிறீர்கள். பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று 1 யோவான் 4:18 சொல்கிறது. பயம் வேதனையுள்ளது என்றும் அங்கேயே இருக்கிறது. கண்டிக்கவேண்டுமானால் உங்கள் பெயரில் கண்டியுங்கள்.

சபை முழுக்க ஜெபிச்சோம். ஆனாலும் அவர் போயிட்டார். இனிமே எதை நம்பி ஜெபிக்கறது?

இதற்கு விளக்கம் என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள், நானும் தரமாட்டேன். ஜெபம் போதவில்லை, பாவம் இருந்தது என்று சொல்கிறவர்கள் லூக்கா 13ஐப் படிக்கட்டும். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று பதிலும் சொன்னார்.

அப்போஸ்தலர் 12ஐ நான் பல வருஷம் வேகமாகப் புரட்டிவிடுவேன். ஏரோது ராஜா இயேசுவின் சீஷன் யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்தான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தான். ஒரே சபை, ஒரே ராஜா. யாக்கோபுக்கு ஏன் தூதன் வரவில்லை என்று வேதம் சொல்லவில்லை. தானியேல் 3இல், சிலையை வணங்காவிட்டால் அக்கினிச் சூளையில் போடுவேன் என்று ராஜா மிரட்டின மூன்று வாலிபர் அவன் முன்னால் நின்று, எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், "விடுவிக்காமற்போனாலும்" உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். அந்த ஒரு சொல்லைத் தொண்டை அடைக்காமல் வாசிக்க என்னால் இன்னும் முடியவில்லை. இரண்டாம் கேள்வியில் சொன்னதை இங்கே திரும்பப் பாருங்கள்: வாக்கு, கூட இருப்பதைப் பற்றியது. அந்த மூவரையும் போட்ட சூளைக்குள் அவர்களோடு நாலாவது ஆள் உலாவினார்.

ஜெபிக்க வாய் வரவில்லை என்றால் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அது இருளிலேயே முடிகிறது, கடைசி வரி வரை வெளிச்சம் இல்லை. அதையும் ஜெபம் என்று வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

சாவை நினைச்சா பயமா இருக்கு. மோட்சம் இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் பயம்?

செத்துப்போன சிநேகிதன் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர்விட்டார். சாவு நமக்கு எதிரிதான், பழகின சிநேகிதன் மாதிரி நடிக்கவேண்டாம். உயிர்த்தெழுந்தவர் ஒருவர் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்திருக்கிறார் என்பதுதான் என் நம்பிக்கை. வழி தெரிந்த ஆள் முன்னால் நடக்கிறார் என்றால் இருட்டிலும் கால் எடுத்து வைக்கலாம். பயம் முழுசாகப் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் கேள்வியின் பதில் இதற்கும் பொருந்தும்.

பக்கத்து வீட்டு அக்கா ரொம்பப் பயந்து போயிருக்காங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்றது?

அதிகம் சொல்லாதீர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர், அவன் பக்கத்தில் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தபோது நன்றாகத்தான் இருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் அவனை நோகடித்தார்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்த ராத்திரி, ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருப் பாட்டி ஒருவர், சபைக்கு ஒருநாளும் வராதவர், பஸ் பிடித்து வந்தார். கையில் ஒரு பிளாஸ்க் சுக்குக் காபி. மூடியில் ஊற்றிக் கொடுத்தார். எப்படி இருக்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விடிந்ததும், "பால்காரன் வந்துருவான், நான் போறேன் கண்ணு" என்று எழுந்தார். அதுவரை கையை விடவில்லை.